காலடியில் எழுதாதவர்

அப்துல் கய்யூமைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி அவர் மேலேயேதான். இவ்வளவு நல்லவராக இருந்து தொலைக்கச் சொல்லி அவரை யார் கேட்டார்கள்?

என் பெயர் ஜெயஸ்ரீ. அசோக் நகரில் சோபா, மெத்தை, திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் சந்திரிகா அக்காவின் கேரவன்கள் நிற்கும். படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரவும் உடை மாற்றவும் வாடகைக்குப் போகிற வண்டிகள். அக்காவின் வீடு தி. நகரில். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ஆறு வண்டிகளையும் தனியாகக் கட்டி மேய்க்கிறார். உள்ளே துணி என் வேலை, மரம் கய்யூம் பாய் வேலை, பாலிஷ் சுரேஷ்குமார் வேலை. பதினெட்டு வருடமாக இந்த மூன்று பேர்தான். வேறு யாரையும் அக்கா வண்டிக்குள் ஏற்றியதில்லை.

கய்யூம் பாய்க்கு ஐம்பத்தெட்டு வயது. மீர்சாகிப்பேட்டையில் வீடு. மகள் அஃப்ராவைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் அவரும் மனைவி ஷகீலாவும் மட்டும்தான். காலை ஒன்பதரைக்கு மொபெட்டில் வந்து இறங்குவார். காதில் ஒரு பென்சில் இருக்கும். அந்தப் பென்சிலைத் தினமும் ஒரு முறை என் கடைக்கே வந்து தேடுவார். "உங்க காதுலதான் இருக்கு பாய்" என்று நான் சொல்வேன். பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மர விஷயத்தில் மட்டும் மனிதர் பிடிவாதக்காரர். புது மரத்தைத் தொடமாட்டார். மயிலாப்பூரில் எங்கேயாவது பழைய வீடு இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு நமக்கு அவர் கிடைக்கமாட்டார். போய் நின்று ஜன்னல் சட்டம், உத்தரம் என்று பொறுக்கி, முகர்ந்து பார்த்து வாங்கி வருவார். "எம்பது வருசம் வெயிலும் மழையும் பாத்த தேக்கும்மா. இனிமே இத யாரும் அசைக்க முடியாது" என்பார், ஏதோ தான் பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

சந்திரிகா அக்காவிடம் அவருக்கு இருந்த பெயர் அப்படி. "கய்யூம் பாய் சொன்னா சரி" என்பது அக்காவின் வாயில் அடிக்கடி வரும். நான் தைத்த உறையைத் தையல் தையலாகப் புரட்டிப் பார்க்கிற அக்கா, அவர் வேலை முடித்த வண்டிக்குள் ஒரு நாளும் ஏறிச் சரிபார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை வருடம் உழைத்தார் என்பது என் எண்ணம்.

ஆறு வண்டிகளில் ஐந்துக்கு இன்ஜின் உண்டு. ஆறாவது, டெம்போவின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகிற வண்டி. யாரோ ஒரு தயாரிப்பாளர் குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசைப்பட்டு முப்பது வருடத்துக்கு முன்னால் கட்டி, இரண்டு முறை ஊட்டிக்குப் போய்வந்து, ஆசை தீர்ந்ததும் அக்காவின் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டது. நாங்கள் அதைப் பெரியம்மா என்போம். வயதும் கூட, தானாக நகரவும் மாட்டாள். ஆனால் அகலமான ஜன்னலும் உள்ளே முழுக்க ஓடும் மரச் சட்டமுமாகப் பார்க்க அத்தனை அழகு. இப்போதெல்லாம் கடற்கரையோரத்தில் நடக்கும் கல்யாணங்களில் மணப்பெண் அலங்காரத்துக்குப் பெரியம்மாவைத்தான் கேட்கிறார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கய்யூம் பாய் பெரியம்மாவின் உள்மரம் முழுவதையும் புதிதாகப் போட்டார். ஜன்னலைச் சுற்றிப் பீடிங் என்கிற மெல்லிய மரப்பட்டை, கூரை ஓரத்தில் சட்டம், தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஸ்கர்ட்டிங் பட்டை. எல்லாம் மயிலாப்பூர்த் தேக்கு. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. துண்டை அடித்து மாட்டும் முன் அதன் முதுகில் பென்சிலால் 786 என்று சின்னதாக எழுதுவார். பிஸ்மில்லா, அதாவது இறைவன் பெயரால் என்று சொல்வதற்குப் பதிலான எண். பள்ளிவாசலில் சில இளவட்டங்கள், இந்த எண்ணெல்லாம் மார்க்கத்தில் கிடையாது பாய் என்று அவரிடம் வாதாடியிருக்கிறார்கள். "எங்க அத்தா எழுதினாரு, நானும் எழுதறேன். உனுக்கு இன்னா கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொள்வார். அவர் எழுதுவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கே எழுதமாட்டார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

சுரேஷ்குமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் வேளச்சேரிக்காரன், பாயைவிட எட்டு வயது சின்னவன். பாலிஷ் துணியை அவன் மரத்தின்மேல் ஓட்டுகிற அழகை நின்று பார்க்கலாம், அதைப் பொய் சொல்லமாட்டேன். பகலில் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில்தான் சாப்பிடுவார்கள். ஷகீலா அக்கா இரண்டு பேருக்குமாகத்தான் கட்டி அனுப்புவார். மூன்று வருடத்துக்கு முன்னால் பாயும் ஷகீலா அக்காவும் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போனபோது விமான நிலையம் வரை போய், சால்வை போட்டு, கண் கலங்க வழியனுப்பியவன் அவன்தான். திரும்பி வந்த பாய் கொடுத்த ஜம்ஜம் தண்ணீரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நல்ல மனுஷன் என்று அன்றைக்கு நினைத்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.

இந்த ஐப்பசியில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் தோழி ஒருத்தி பெரியம்மாவின் ஜன்னலோரம் கையை ஊன்றியிருக்கிறாள். பீடிங் அப்படியே பெயர்ந்து, கறுத்த ஈரத் தூளோடு மணப்பெண்ணின் கூறைப்புடவைமேல் விழுந்துவிட்டது. அந்த வீட்டார் சந்திரிகா அக்காவை அத்தனை பேர் முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் காலை வண்டி மனைக்கு வந்தது. அக்காவும் வந்தார். எங்கள் மூன்று பேரையும் வரச் சொல்லியிருந்தார்.

கய்யூம் பாய் வண்டிக்குள் ஏறி ஜன்னல் சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். டீயில் நனைத்த ரஸ்க் போல விரல் உள்ளே போனது. அவர் முகம் மாறியது. ஒரு துண்டைப் பிய்த்து, உடைத்து, முகர்ந்தார்.

"இது தேக்கே இல்லம்மா. பேக்கிங் பெட்டிக்குப் போடுற மரம். இது நான் போட்டது இல்ல."

சந்திரிகா அக்கா கையிலிருந்த துண்டைத் திருப்பிக் காட்டினார். கல்யாணத்தில் பெயர்ந்து விழுந்த துண்டு. அதன் முதுகில் பென்சிலால் 786.

"இது யாரு எழுதினது பாய்?"

பாய் அதை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, மூழ்குகிறவன் கரையில் நிற்கிறவனைப் பார்ப்பது போல சுரேஷ்குமாரைப் பார்த்தார். "சுரேசு, நீ சொல்லுடா. இந்த வண்டிக்கு இன்னா மரம் போட்டேன்? நீதானே பாலிஷ் போட்ட. தேக்கு ரேகை எப்டி எழும்பி வருது பாருன்னு நீதானே சொன்ன?"

சுரேஷ்குமார் தன் பாலிஷ் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினான். "நான் மேல பூசறவன் பாய். நீ உள்ள இன்னா மரம் வெச்சன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

அவ்வளவுதான் சொன்னான். பதினெட்டு வருடம் ஒரே டப்பாவில் தின்றவன். பாய் அவனைத் திட்டவில்லை. மறந்திருப்பான் என்று நினைத்தாராம், பின்னால் என்னிடம் சொன்னார். கேட்டதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்க வாயில வந்துட்டா நான் திருப்பிக் கேட்டதே இல்ல பாய்" என்றார் சந்திரிகா அக்கா. "எனக்கு மானம் போனதுகூடப் பெருசில்ல. நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல. இந்த அழுகலை எல்லாம் பிரிச்சு வெளியில போட்டுடுங்க. புதுசு போட வேற ஆள் பாத்துக்கறேன்."

வண்டி வேலை போவதைப் பற்றிப் பாய் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மரவேலைக்கு இந்த ஊரில் ஆயிரம் இடம் உண்டு. ஆனால் பேக்கிங் மரத்தைப் போட்டுவிட்டுத் தேக்கு என்று ஏமாற்றியவன் என்ற பெயரோடு வெளியே போவது? அவர் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினார். நான் திரைச்சீலைகளைக் கழற்ற அவர் பின்னால் ஏறினேன். அக்கா வெளியே போனில் வேறு தச்சரைத் தேடிக்கொண்டிருந்தார். சுரேஷ்குமார் வேப்பமர நிழலில் நின்றான்.

ஜன்னல் பீடிங்கை முதலில் எடுத்தார். அதன் அடியில் சுவர்ப் பலகை வரைக்கும் ஈரம் இறங்கியிருந்தது. ஒவ்வொரு துண்டின் முதுகிலும் 786. கூரைச் சட்டம், அதிலும் 786. அவர் வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பிறகு தரையில் மண்டியிட்டு ஸ்கர்ட்டிங் பட்டைக்குள் உளியை விட்டு நெம்பினார். பட்டை முழுசாகக் கழன்று வந்தது. திருப்பினார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று பயந்து நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

"ஜெயாம்மா, இத பாரேன்" என்றார். பட்டையின் முதுகில் 786 என்று எழுதியிருந்தது. மற்றதைப் போலத்தான் இருந்தது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"கால் படுற எடத்துல நான் எழுதமாட்டேன்மா. இடுப்புக்கு மேலதான் எழுதுவேன். கீழ வெக்கிற மரத்துல ஒரு கோடுகூடக் கிழிக்கமாட்டேன். காலால மிதிக்கிற எடத்துல யாராவது ஆண்டவன் பேர எழுதுவானா?" அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "என் மரத்த எடுத்துட்டு இத வெச்சவன்தான் எழுதியிருக்கான். நான் எழுதற மாதிரியே எழுதியிருக்கான். ஆனா கீழ இருந்த என் மரத்துல நம்பர் இல்லன்னு கழட்டறப்ப கவனிக்கல. எங்க எழுதக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியல."

அவன் யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்குள் அவரைத் தவிர யார் வேலை பார்த்தார்கள் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. பாய் உம்ரா போயிருந்த பதினைந்து நாளில் கூரை ஒழுகியது. கூரைக்கு ஷீட் ஒட்டி, உள்ளே ஒரு கை பாலிஷ் போடு என்று அக்கா அவனிடம்தான் சாவியைக் கொடுத்தார்.

நான் இறங்கிப் போய் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பாய் சொன்னதைக் கேட்டுவிட்டு அக்கா தயங்கினார். "நீங்க இப்ப சொல்றீங்க பாய். நான் எதை வெச்சு நம்பறது?"

பாய் எழுந்து நேரே இரண்டாம் நம்பர் வண்டிக்குப் போனார், நாங்கள் பின்னாலேயே போனோம். அதன் உள்மரமும் அவர் செய்ததுதான், சுரேஷ்குமார் அதற்குள் தனியாக வேலை பார்த்ததே இல்லை. இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறது. அதன் ஸ்கர்ட்டிங்கில் உளியை வைத்தவர் அடிக்க மனம் வராமல் சற்று நேரம் சும்மா இருந்தார். பழுதில்லாத சொந்த வேலையை உடைத்து அவர் இதுவரை பார்த்ததில்லை. பிறகு அடித்தார். பட்டை கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. தேக்கு. முதுகு வெறுமையாக இருந்தது. இன்னொன்றைப் பெயர்த்தார், அதுவும் வெறுமை. ஜன்னல் பீடிங்கை ஒன்று எடுத்தார். முதுகில் 786.

சந்திரிகா அக்கா பெரியம்மாவுக்குள் திரும்பி வந்து, தரையில் கிடந்த பட்டையைக் குனிந்து எடுத்து, எழுத்து இருந்த பக்கத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மேஜைமேல் வைத்தார். பிள்ளையார் சுழி போடாமல் ஒரு காகிதத்தில் கை வைக்காதவர் அவர். அவருக்கு வேறு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சுரேஷ், இங்க வா" என்றார்.

அவன் வந்தான். மேஜைமேல் இருந்ததைப் பார்த்தான். படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஐந்து நிமிடம் அங்கும் இங்கும் சுற்றிப் பேசினான். அக்கா விடவில்லை.

"ஆமாக்கா, நான்தான் எடுத்தேன். பொண்ணுக்கு சீர் செய்யணும்னு வெச்சிக்கினு இருந்தேன். அந்த மாதிரி தேக்கு இப்ப எங்கக்கா கீது? கண்ண உறுத்திக்கினே இருந்துச்சு."

"நம்பர் எதுக்குடா எழுதின?" என்று நான் கேட்டேன்.

"பாய் எழுதற நம்பர் இல்லாம வண்டிய ரோட்டுல உட மனசு கேக்கல" என்றான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பக்திகூட இருந்தது. பழியைப் பாய் தலையில் போடத்தான் எழுதினான் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன்.

கய்யூம் பாய் கேட்டார். "போன வருசம் உன் பொண்ணுக்கு ஒரு டிரெஸிங் டேபிள் செஞ்சு குடுத்தேனே, அது இன்னா மரம்?"

எனக்குத் தெரியும் அந்த டேபிள். பழைய ஜன்னல் ஒன்று கிடைத்தது என்று சுரேஷ்குமார் தேக்குத் துண்டுகளைக் கட்டாகக் கட்டி எடுத்து வந்தான். நீதான் செய்யணும் பாய், உன் கை பட்டாத்தான் பொண்ணுக்கு நல்லது என்றான். பாய் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூலி வாங்காமல் செய்தார். இவ்வளவு ஆணி ஓட்டை ஏன்டா என்று கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு ஓட்டையையும் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார். அருமையான மரம்டா, எங்கடா புடிச்ச என்று அவனைப் பாராட்டவும் செய்தார்.

சுரேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். பதில் அதிலேயே இருந்தது.

"என் மரத்தையே எங்கிட்ட குடுத்து இழைக்க வெச்சிருக்கியேடா" என்றார் பாய். சத்தமே இல்லை. கையில் இருந்த உளியைப் பைக்குள் வைத்தார். அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அக்கா சுரேஷ்குமாரை அப்போதே அனுப்பிவிட்டார். பாயிடம் கை கூப்பி, "நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. பெரியம்மாவை நீங்களே முடிச்சுக் குடுங்க" என்றார். பாய் தலையாட்டினார். அக்கா கார் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு பாய். இனிமே மாட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. உங்க மேல சந்தேகம் இல்ல. எல்லா ஆளுக்கும் இனிமே இப்படித்தான்னு வெச்சுக்கலாம்னு பாக்கறேன்."

"சரிம்மா" என்றார் பாய்.

அக்கா மேல் தப்பு சொல்ல முடியாது. சூடு பட்டவர் அவர். ஆனால் எல்லா ஆளுக்கும் என்று அவர் சொன்னபோது பாய் முகம் போன போக்கை நான் பார்த்தேன். காலையில் பறிபோன பெயர் மத்தியானம் திரும்பிக் கிடைத்துவிட்டது. 'கய்யூம் பாய் சொன்னா சரி' என்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும் திரும்பவில்லை.

அடுத்த வாரம் முழுக்க பெரியம்மாவுக்குள் வேலை நடந்தது. மந்தைவெளியில் இடித்த வீட்டிலிருந்து மரம் எடுத்து வந்திருந்தார். இழைத்தார், அறுத்தார், ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்தார். எடுக்கத் தெரியாமல் விரலையும் சேர்த்து எடுத்துவிட்டு என்னிடம் வந்து நிற்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். அக்காவிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். பிறகுதான் சுத்தியலைத் தொடுவார். பகலில் ஷகீலா அக்கா கட்டிக்கொடுத்த டப்பா ஒரு ஆளுக்குத்தான் இருந்தது.

நாலாம் நாள் பதினோரு மணி இருக்கும். கூரை ஓரச் சட்டத்தை நான் ஒரு முனையில் தாங்கிப் பிடித்திருந்தேன். பாய் மறுமுனையில் ஸ்க்ரூ ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் போன் அடித்தது. இரண்டு கையும் மேலே இருந்ததால், ஸ்பீக்கரில் போடும்மா என்றார். நான் ஒரு கையால் போட்டேன்.

சுரேஷ்குமார்.

"பாய், வெச்சிடாத பாய். ஒரு நிமிசம். நானும் ஒரு வாரமா தூங்கல."

பாய் ஸ்க்ரூ ஏற்றுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். இவ்வளவுக்குப் பிறகும் அவர் முகத்தில் எதையோ எதிர்பார்க்கிற ஒரு மினுக்கல். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

"சொல்லு சுரேசு."

"வெளிய ஒருத்தர்கிட்டயும் கேக்க முடியல, அதான் உனுக்கே போட்டேன். தை மாசம் பொண்ணு கல்யாணம் வெச்சிக்கினு இருக்கேன். அந்த நம்பர காலடில எழுதிட்டேன் இல்ல? அதனால கொழந்தைக்கு எதுனா ஆவுமா பாய்? உங்க தர்காவுல எதுனா பரிகாரம் மாதிரி கீதா?"

என் கை வலித்தது, ஆனாலும் சட்டத்தை விடவில்லை.

"பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. அவ நல்லா இருப்பா" என்றார் கய்யூம் பாய். "தெரியாம எழுதினதுக்கெல்லாம் அல்லா கோவிச்சிக்க மாட்டான். கோவம் எனுக்குத்தான் சுரேசு."

"அப்பாடா" என்றான் அவன். நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு ஸ்பீக்கரில் வந்தது. "இப்பதான் பாய் உசிரே வந்துச்சு. ரொம்ப தேங்ஸ் பாய்."

வைத்துவிட்டான்.